சென்னை கண்ட காணாக் கோள்

ஆந்திரத்து வடமாலபேட்டைப் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் பகலில்தான். தாலி கட்டி, அம்மி மிதித்து முடிந்ததும் புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து வடக்கே விரலை நீட்டுவார். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அருந்ததி தெரிகிறதா என்று தெலுங்கில் ஒரு தரம், சொந்தக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு தரம் கேட்பார். தெரிகிறது என்று பெண் தலையாட்டுவாள். மாப்பிள்ளையும் ஆட்டுவார்.

இரவில் பார்த்தால் உண்மையாகவே தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே நிற்கும் வசிஷ்டரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் அருந்ததி. தொலைநோக்கியில் வசிஷ்டர் இரண்டாகப் பிரிவார். நிறமாலையைக் கொண்டு ஆராய்ந்தால் அந்த இரண்டும் நான்காகும். அருந்ததிக்கும் ஒரு துணை இருப்பது 2009இல் தெரியவந்தது. ஆக மொத்தம் ஆறு. வசிஷ்டரும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றுவதை முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டியதில்லை. கண்ணுக்கு அருகருகே தெரிந்தன, அதனால் தம்பதியாக்கினார்கள். அது அழகான கற்பனை, அவ்வளவே. இரண்டு விண்மீன்கள் ஈர்ப்பால் கட்டுண்டு சுற்றுகின்றன என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும். அப்படி ஓர் இரட்டையை அளந்தபோது, அதோடு கண்ணில் படாத ஒரு கோளும் இருக்கலாம் என்று எழுந்த மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று, வடமாலபேட்டையிலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், சென்னை நுங்கம்பாக்கத்தில் பிறந்தது. ஆண்டு 1855.

அப்போது வடமாலபேட்டையும் சென்னை ராஜதானிதான். புத்தூர், திருப்பதி, சித்தூர் எல்லாம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது 1911 ஏப்ரல் 1இல். எல்லைத் தகராறெல்லாம் ஓய்ந்து 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, புத்தூர் ஆந்திரத்தில் நின்றுவிட்டது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாக வடக்கே போகும் ரயில் பாதை வந்த காலத்தில் இந்த ஸ்டேஷன்களின் கடிகாரங்கள் சென்னை நேரத்தைக் காட்டின. கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய நேரம் அது. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் விண்மீன்கள் உச்சி கடப்பதைப் பார்த்துக் கணித்து, தந்திக் கம்பி வழியே அனுப்பிய நேரம். இந்திய ரயில்கள் பெரும்பாலும் அந்த மணியைக் கேட்டுத்தான் ஓடின. 1906இல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகே அது விடைபெற்றது.

ஆனால் இந்தப் பக்கத்து இரட்டை விண்மீன் கதை நுங்கம்பாக்கத்துக்கும் முந்தியது. அதன் தொடக்கம் புதுச்சேரி.

ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் சயாம் நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். 1688இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்கள் விரட்டப்பட, புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் விடியலுக்கு முன் தென்வானில் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பன்னிரண்டு அடி நீளத் தொலைநோக்கியைத் திருப்பியவர், பக்கத்திலிருந்த ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டார். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறு. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதி அதுதான் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதன் தூரம் அளக்கப்படுவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. ஐரோப்பாவின் பெரிய வானாய்வகங்களுக்கு அந்த விண்மீன் அடிவானத்தை விட்டு எழுவதே இல்லை. புதுச்சேரியில் அது உச்சி கடக்கும்போது பதினேழு பாகை உயரத்தில் நிற்கும். இடம்தான் அந்தக் கண்டுபிடிப்பைத் தந்தது.

சென்னையின் கதை 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் வீட்டில் அமைத்த சொந்த வானாய்வகத்தில் ஆரம்பிக்கிறது. பின்னர் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் போட்ட திட்டப்படி 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க உள்ளே பதினெட்டு அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. எடை பத்து டன். அதில் லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி மொழிகளில் வாசகம் பொறித்தார்கள். ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலில் ஊன்றியவர்கள் தாங்கள்தான் என்று ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்குச் சொல்லிவைக்கும் தொனி அந்த வாசகத்தில் இருக்கிறது. அந்தப் பெருமைக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு சாட்சி போதும். இதே வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணம் கணித்ததைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் தெலுங்கு எழுத்தை வடமாலபேட்டைக்காரர் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கலாம்.

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் இந்த வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றது 1848 டிசம்பரில். பம்பாய் எஞ்சினியர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பெரும் முக்கோண நில அளவையில் வேலை பார்த்தவர், அதாவது அளப்பதே தொழிலாகக் கொண்டவர். 1842இல் பூனாவில் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் வைத்து 244 இரட்டை விண்மீன்களின் பட்டியல் தயாரித்திருந்தார். சென்னையில் அவருக்கு முன்பிருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களைக் குறித்து உலகப் பெயர் எடுத்திருந்தார். டெய்லர் எண்ணிக்கையில் பெரியவர். ஜேக்கப்பின் மனம் நுணுக்கத்தில் இருந்தது. 1850இல் பாரிஸின் லெரெபூர் – செக்ரெட்டான் நிறுவனத்திலிருந்து ஆறு அங்குலத் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. சனிக்கோளின் மங்கலான உள்வளையத்தின் ஊடாகக் கோளின் விளிம்பு தெரிவதை 1852இல் சென்னையிலிருந்து பார்த்துச் சொன்னவர் அவர்.

இரட்டை விண்மீனை அளப்பது எப்படி என்று தெரிந்தால்தான் அடுத்து வருவதன் எடை புரியும். தொலைநோக்கியின் கண்ணருகே மைக்ரோமீட்டர் என்ற சிறு கருவி. அதற்குள் சிலந்தி நூல்கள் இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு நூலை ஒரு விண்மீன் மேல் வைத்து, திருகைச் சுழற்றி மற்றொரு நூலை அடுத்த விண்மீன் மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திருகு எத்தனை சுற்று சுற்றியது என்பதிலிருந்து இடைவெளி கிடைக்கும். நூல் நிற்கும் சாய்விலிருந்து திசைக்கோணம் கிடைக்கும். கணக்கு விகலைகளில் வரும். ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைச் சுமார் 850 மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அதன் அகலம் ஆறு விகலை. இதற்குள் காற்று அலையும், விண்மீன் துடிக்கும், சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி வியர்க்கும், அளப்பவர் கண் களைக்கும். பத்து தரம் அளந்தால் பத்து எண் வரும். சராசரி எடுத்துக்கொண்டு அடுத்த விண்மீனுக்குப் போக வேண்டியதுதான்.

ஜேக்கப்பின் மனதில் உறுத்திய விண்மீன் 70 ஓஃபியூக்கி. கேட்டையின் சிவப்பு விண்மீனுக்கும் திருவோணத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து அங்கிருந்து சற்று வடக்கே போனால் வரும் சாதாரண விண்மீன் அது. வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். 1779இல் வில்லியம் ஹெர்ஷல் அதை இரட்டை என்று கண்டார். சூரியனைவிடச் சற்றுச் சிறிய, ஆரஞ்சு நிற விண்மீன்கள் இரண்டு. பூமியிலிருந்து 16.6 ஒளியாண்டுத் தூரம். ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகும். நெருங்கும்போது இரண்டுக்கும் இடையே சூரியன் – சனி தூரத்தைவிடச் சற்றே அதிகம், விலகும்போது நெப்டியூன் தூரத்தையும் தாண்டும்.

இந்த இரண்டும் கணக்குக்கு அடங்க மறுத்தன. எந்தப் பாதையைக் கணித்தாலும் சில ஆண்டுகளில் விண்மீன் அதிலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. நியூட்டனின் ஈர்ப்பு விதி அவ்வளவு தூரத்தில் செல்லுபடியாகவில்லையோ என்றுகூட ஐரோப்பாவில் ஐயம் எழுந்தது. ஜேக்கப் விதியில் கை வைக்கவில்லை. பழைய அளவைகளையெல்லாம் திரட்டி, தன் அளவைகளைச் சேர்த்து, எஞ்சும் பிழைகளைப் பார்த்தார். அவை தாறுமாறாக இல்லை, ஒரு ஒழுங்கோடு ஏறி இறங்குவதாக அவருக்குப் பட்டது. இரட்டையில் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் சுற்றிவந்து அதை மெல்ல ஆட்டினால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பொருள் ஒரு கோளாக இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு என்று 1855இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத ஏட்டில் எழுதினார்.

அன்றைக்கு இது பித்துக்குளித்தனமான பேச்சு அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1846இல், யுரேனஸின் நடையில் இருந்த சின்னத் தடுமாற்றத்தைக் கணக்கிட்டு நெப்டியூனைப் பிடித்திருந்தார்கள். சிரியஸ் விண்மீன் நேராக நகராமல் தள்ளாடுவதைக் கண்ட வானியலாளர் பெசல், அதற்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று 1844இல் சொன்னார். அந்தத் துணை 1862 ஜனவரியில் அமெரிக்காவில் கண்ணிலேயே பட்டது. தடுமாற்றம் இருந்தால் தள்ளுகிறவன் ஒருவன் இருப்பான் என்பது அந்தத் தலைமுறை கண்ட வெற்றிச் சூத்திரம். ஜேக்கப் அதையே சென்னையில் போட்டுப் பார்த்தார்.

அவர் சறுக்கியது எங்கே என்று இன்று பார்த்தால் ஒரு எளிய கூட்டல் கழித்தல் போதும். 1779க்கும் 1855க்கும் இடையே 76 ஆண்டுகள். விண்மீன்கள் ஒரு சுற்று முடிக்கவே 88 ஆண்டுகள் வேண்டும். ஒரு முழுச் சுற்றைக்கூட எவரும் பார்த்திருக்காத நேரத்தில், அந்தச் சுற்றின் மேல் ஏறி நிற்கும் நெளிவை அவர் அளக்க முயன்றார். அந்த நெளிவோ ஒரு விகலையின் சிறு பின்னம். அதைக் காட்டிய எண்கள் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தொலைநோக்கிகளில், வெவ்வேறு மனிதர்கள் எடுத்தவை. இரண்டு விண்மீன்கள் கண்ணுக்கு எந்தச் சாய்வில் தெரிகின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொருவரும் ஒரே பக்கமாகத் தவறு செய்வார்கள், அதுவும் ஆளுக்கொரு விதமாக. விண்மீன் மெதுவாகச் சுற்றச் சுற்ற அந்தத் தவறும் மெதுவாக மாறும். அப்படி மாறுகிற தவறுக்கு ஒரு கோளின் நடையைப் போலவே ஒரு தாளம் வந்துவிடும்.

அவர் மட்டும் ஏமாறவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் ஜாக்சன் ஸீ என்ற அமெரிக்கர் 1896இல் அதே விண்மீனுக்கு 36 ஆண்டுச் சுற்றுடைய இருண்ட துணை உண்டு என்று அடித்துச் சொன்னார். 1899இல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 36 ஆண்டுச் சுற்று என்றால் சனியின் தூரத்தையும் தாண்டிய பாதை. இரட்டையின் மறு விண்மீன் நெருங்கி வரும்போது ஏறக்குறைய அங்கேயே வந்து நிற்கும், அப்படி ஒரு பொருள் அங்கே தாக்குப்பிடிக்காது. ஸீ கோபத்தில் எழுதிய கடிதத்தோடு, மோல்டனின் கணக்கை வெளியிட்ட ஏட்டின் கதவு அவருக்கு மூடப்பட்டது. ஜேக்கப்பிடம் இருந்த 'இருக்கலாம்' என்ற சொல் ஸீயிடம் இல்லை. இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் வானியல் புத்தகங்கள் அந்த ஒரு சொல்லைக் கவனிப்பதில்லை.

பேய் அதோடும் ஓயவில்லை. 1943இல் ராய்ல், ஹோம்பெர்க் என்ற இருவர் புகைப்படத் தகடுகளை அளந்து மறுபடி அதே விண்மீனுக்கு ஒரு கோளைச் சொன்னார்கள். 1988இல் வுல்ஃப் டீட்டர் ஹைன்ட்ஸ் பழைய அளவைகளையெல்லாம் சலித்துப் பார்த்து, மூன்றாவது பொருளுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்தார். 2006இல் டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகக் குழு விண்மீனின் ஒளி அலைகள் முன்னும் பின்னும் ஆடுகின்றனவா என்று ஆராய்ந்து, வியாழன் அளவுக்குப் பெரிய கோள் எதுவும் அதன் அருகே இல்லை என்ற எல்லையை வகுத்தது. மிகச் சிறிய கோள் இருந்தால் அந்த வலையில் விழாது.

ஜேக்கப்புக்கு இவை எதையும் பார்க்க ஆயுள் இல்லை. சென்னைச் சூடு உடம்பைக் கெடுக்க 1859இல் பதவியை விட்டு இங்கிலாந்து போனார். வானத்தை நன்றாகப் பார்க்க மலை உச்சி வேண்டும் என்று வாதாடி, பூனா அருகே மலையில் வானாய்வகம் வைக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடம் ஆயிரம் பவுண்டு வாங்கினார். ஒன்பது அங்குலத் தொலைநோக்கியோடு 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்து இறங்கினார். அதே மாதம் 16ஆம் தேதி பூனாவில் இறந்துபோனார். வயது 48. தொலைநோக்கி மலை ஏறவில்லை.

ஒரு மனக்குறையையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அறிக்கைகளில் ஜேக்கப்பின் பெயர் இருக்கிறது. இரவுதோறும் திருகைச் சுழற்றியும் எண்களைக் கூட்டியும் உழைத்த உள்ளூர் உதவியாளர்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் போனார்கள். தப்பிப் பிழைத்த பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர், ஜேக்கப் வருமுன்பே பணியில் சேர்ந்திருந்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்து, 1872இல் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பாமரருக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் போட்டவரும் அவரே.

சென்னை வானாய்வகத்தின் விண்மீன் வேலை 1899இல் முடிந்து கொடைக்கானலுக்கு இடம் மாறியது. ஜேக்கப்பின் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் மலை ஏறி, அங்கே சூரியனைப் படமெடுக்கும் வேலைக்கு அமர்ந்தது. அதே பரம்பரையின் அடுத்த கிளை ஜவ்வாது மலையில் காவலூர். வடமாலபேட்டையிலிருந்து தென்மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இருக்கிறது.

இரட்டை விண்மீனுக்குக் கோள் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வேறு இடத்திலிருந்து வந்தது. காமா செஃபி என்ற இரட்டையில் ஒரு விண்மீனைக் கோள் சுற்றுவதாகக் கனடாக்காரர்கள் 1988இல் ஐயப்பட்டார்கள், 1992இல் அவர்களே பின்வாங்கினார்கள். 2003இல் அது உறுதியானது, உறுதி செய்ததில் மெக்டொனால்ட் குழுவுக்கும் பங்குண்டு. 2011இல் கெப்ளர்–16 என்ற இரட்டையில், இரண்டு விண்மீன்களையும் சேர்த்துச் சுற்றும் ஒரு கோள் பிடிபட்டது. விண்மீன்கள் 41 நாளில் ஒன்றையொன்று சுற்ற, கோள் 229 நாளில் இரண்டையும் வலம் வருகிறது. அங்கே பகல் என்றால் இரண்டு சூரியன். ஒன்றைத் தனியாகச் சுற்றினால் அதை ஒட்டியே இருக்க வேண்டும், இரண்டையும் சுற்றினால் எட்டவே நிற்க வேண்டும், இடைப்பட்ட இடம் ஆகாது. மோல்டன் காட்டியது வீண்போகவில்லை.

ரிஷோவின் ஆல்ஃபா சென்டாரியோ இன்னும் ஆட்டம் காட்டுகிறது. 2012 அக்டோபரில் அதன் இரண்டாவது விண்மீனுக்கு ஒரு கோள் கிடைத்ததாக உலகச் செய்தியானது. 2015இல் அது அளவைக் கணக்கில் முளைத்த மாயை என்று தெரிந்தது. 2016இல் தள்ளி நிற்கும் மூன்றாவது தம்பி பிராக்ஸிமாவுக்கு உண்மையாகவே கோள் கிடைத்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஆகஸ்டில் முதல் விண்மீனின் அருகே சனியின் எடை கொண்ட கோள் போல ஒரு புள்ளியைக் கண்டது. 2025இல் இரண்டு தரம் மறுபடி பார்த்தபோது அது இல்லை. சுற்றுப்பாதையில் விண்மீனுக்கு மிக அருகே போய் மறைந்திருக்கலாம் என்கிறார்கள். சென்னையில் 1855இல் எழுதிய அதே 'இருக்கலாம்'.

ஜூன், ஜூலை இரவுகளில் டோல்கேட் வெளிச்சத்தைத் தாண்டி வயல் பக்கம் போனால், வடமாலபேட்டையில் 70 ஓஃபியூக்கி ஏறக்குறைய தலைக்கு மேலேயே வரும். மூன்று அங்குலத் தொலைநோக்கி இருந்தால் இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். இப்போது இரண்டும் நன்றாக விலகி நிற்கும் காலம். ஜேக்கப் எழுதிய நாளிலிருந்து இரண்டு சுற்று முடித்து, 1855இல் அவர் பார்த்த அதே நிலைக்கு அவை திரும்பப்போவது 2031க்கும் 2032க்கும் இடையே.